குட்டியும் குழந்தையும்

ஆங்கிலத்திலே குழந்தையைக் குறிக்கும் பேச்சு வழக்குச் சொற்களுள் 'கிட்' என்பது ஒன்று. நம் மாணவர் நாவிலும் அது பெரிதும் பயில்கின்றது. ஆயின், அகராதியை நோக்குவார்க்கு அதன் முதற்பொருள் வெள்ளாட்டுக் குட்டி என்பது வியப்பளிக்கும்.

பழைய நோர்ஸ் மொழியோடு உறவுடைய இச்சொல், ஆட்டுக்குட்டியைக் குறித்துப் பின்னர் அதன் தோலுக்கும் ஆயிற்று. அத்தோல் மென்மையானது, கையுறைக்கு ஏற்றது. அதனால், ஒருவரை மனம் நோகாவண்ணம் நடத்துதலை, 'கிட்' கையுறையணிந்து கையாளுதல் என ஆங்கிலேயர் கூறுவர். மனிதக் குழந்தையை அது குறிக்கத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். அன்று அது இழிவழக்கு. 19ஆம் நூற்றாண்டிலேதான் வீட்டுப் பேச்சில் நிலைபெற்றது. வினையாக வருமிடத்து விளையாட்டாக ஏய்த்தலை உணர்த்தும். பிறரைச் சிறு பிள்ளையாக்குதல் என்பது கருத்துப் போலும்.

இச்சொல்லினின்று கிளைத்த 'கிட்நாப்' என்பதோ துயர வரலாறுடையது. 'நாப்' என்பது பறித்தல். 17ஆம் நூற்றாண்டிலே பிரித்தானியச் சிறுவரைக் கவர்ந்து, அமெரிக்கக் குடியேற்றங்களிலே வேலையாட்களாக்கக் கப்பலேற்றிய கொடுமையை அச்சொல் குறித்தது. ஸ்ரீவன்சன் 1886இல் வெளியிட்ட 'கிட்நாப்ட்' நாவலிலும், டேவிட் பல்பூர் என்னும் இளைஞனை அவன் சிறிய தந்தையே கரோலினாவில் விற்குமாறு கப்பற்றலைவனிடம் ஒப்புவிக்கின்றான். ஆட்டுக்குட்டியின் பெயரைப் பெற்ற சிறுவர், ஆட்டுக்குட்டி போலவே விலைப்பொருளாயினர்.

தமிழிலும் இளமைப் பெயர்கள் இடம்பெயர்ந்துள்ளன. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர் ஒன்பது கூறி, மக்களுக்குக் குழவி, மகவு என்னும் இரண்டையே உரிமையாக்கும். ஆட்டின் இளமைப் பெயர் மறி. பறவையின் இளமைப் பெயர்களுள் ஒன்று பிள்ளை. இன்றோ 'பிள்ளை' என்பதே நம் இல்லந்தோறும் மக்களை அழைக்கும் சொல். 'குட்டி' செல்லப் பெயர்.

ஆகவே, பொருள் மாறுதல் குற்றமன்று. இடமறியாது வழங்குதலே குற்றம். விளையாட்டிடத்துத் தோழரிடையே 'கிட்ஸ்' எனலாம். விண்ணப்பத்திலும் பரீட்சைக் கட்டுரையிலும் 'சில்ட்ரன்' என எழுதுதலே தகும். மொழிபெயர்க்கும் மாணவரும் அகராதியின் முதற்பொருளோடு அமையாது, சொல் நின்ற வாக்கியத்தை முழுதும் நோக்குவாராக. அன்றேல், தாய் தன் குழந்தையை அழைக்குமிடத்து ஓர் ஆட்டுக்குட்டி வந்து நிற்கும்.