தோம்பும் தரைப்படமும்

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் வாங்கி விற்பவனுக்கு ஓவியத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் ஓவியத்தை முறையாகப் படித்தவன் அல்லன். 2012-ஆம் ஆண்டு கொச்சி-முசிரிஸ் பினாலே தொடங்கியபின், இங்கே சரக்கு அடுக்கிய பழைய கிடங்குகள் சில கண்காட்சிக் கூடங்களாயின. கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துப் பார்த்து வந்த ஆர்வம் இது. பார்த்ததிலும் படித்ததிலும், ஊர்விட்டு ஊர்வந்த நம் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றை மட்டும் இங்கே விளக்க முயல்கிறேன்.

அதைப் பரிசோதனைக் கோட்டோவியம் எனலாம். அழகாக வரைவது அதன் நோக்கம் அன்று. நான் எந்த இடத்தைச் சேர்ந்தவன்? அதன் எல்லை எது? அந்த எல்லையை வகுத்தவர் யார்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடிக் கோடு இழுத்துப் பார்ப்பதுதான் அது. கோணல் கோடும் அதில் ஒரு செய்தி.

இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன். முதலாமவர் சரீனா ஹாஷ்மி. 1937-இல் அலிகாரில் பிறந்து, பிற்காலத்தில் நியூயார்க்கில் வாழ்ந்து, 2020-இல் மறைந்தவர். பிரிவினைக்குப் பிறகு அவர் குடும்பம் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்துவிட்டது. 1994-இல் அவர் தம் தந்தையாரின் அலிகார் வீட்டைத் தரைப்படமாகவே அச்சோவியத்தில் பொறித்தார். 2001-இல் இந்திய-பாகிஸ்தான் எல்லைக்கோட்டை மட்டும் மரச்செதுக்கு அச்சாகச் செய்தார். முன்னது ஒரு குடும்பத்தின் இடம். பின்னது அரசுகள் வகுத்த எல்லை. இரண்டும் கோடுகள்தாம்.

இரண்டாமவர் நம் மொழிக்காரர், யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன். 2011-இல் வெளிவந்த அவருடைய நூல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு', அதாவது நிறைவுறாத தோம்பு. 'தோம்பு' என்பது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல். யார் நிலம், எவ்வளவு, என்னென்ன மரம் என்றெல்லாம் வரிக்காக டச்சுக்காரர் இலங்கையில் எழுதிவைத்த பதிவேடு அது. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே டச்சுக் கம்பெனிதான் 1663-இல் நம் கொச்சியையும் பிடித்தது.

சனாதனன் அந்தப் பதிவேட்டைத் திருப்பிப் போட்டார். போரால் வீடிழந்தவர்களிடம் போய், உங்கள் வீட்டை நினைவிலிருந்து வரையுங்கள் என்றார். 1990-இல் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும், 1995-இல் அந்நகரத்து மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்ததையும் நாம் அறிவோம். வீட்டுக்காரர் தம் கையால் போட்ட படம், அதையே கட்டிடக் கலைஞர் அளவுமுறைப்படி வரைந்த படம், அந்த நினைவை ஒட்டிச் சனாதனன் வரைந்த ஓவியம் என மூன்றும் நூலில் அடுத்தடுத்து வருகின்றன. அலுவலகப் பதிவேடு நிலத்தைத்தான் கணக்கெடுத்தது. இந்தத் தோம்பு, அதில் வாழ்ந்தவர்களைக் கணக்கெடுக்கிறது.

இதைப் படித்தபின் எனக்கும் ஓர் ஆசை வந்தது. எங்கள் பூர்விக வீடு வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தது. 1987-இல் விற்றுவிட்டோம். பத்திர நகல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. நான்கெல்லை, சதுர அடி எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கும். சென்ற ஆண்டு ஊரிலிருந்து அக்கா வந்திருந்தபோது, அவருக்கு ஒரு தாள், எனக்கு ஒரு தாள். ஒருவர் வரைவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்று பேச்சு.

என் தாளில் திண்ணை பெரிதாக வந்தது. அப்பா கணக்கெழுதும் மேசை, நெற்குதிர், கூடம், தெருவாசல் எல்லாம் வந்தன. பின்கட்டு ஒரு சிறிய கட்டத்தோடு முடிந்துபோயிற்று. அக்கா தாளிலோ திண்ணை ஒரு கோடுதான். கிணறும், அதன் பக்கத்தில் தண்ணீர் வடிகட்டும் துணி காயும் கொடியும் இருந்தன. சமையலறையில் மேற்குப் பார்த்த சன்னல் இருந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் உண்டு முடிக்க வேண்டும் என்று அம்மா அந்தச் சன்னல் வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாராம். சமணர் வீடு என்பதற்கு என் படத்தில் ஓர் அடையாளமும் இல்லை. அக்கா படத்தில் கிணற்றடியே சொல்லிவிடுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்ததை எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். என் படத்தில் நிலம் மட்டும்தான் இருந்தது. பொழுதையும் சேர்த்து வரைந்தவர் அக்கா.

"நீ வாசலைத்தாண்டா வரைஞ்சிருக்கே. வீடு பின்னாலதானே இருந்தது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "விக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. அப்பாவோடு நானும் கையெழுத்திட்ட பத்திரம் அது. அக்கா பெயர் அதில் எங்கும் இல்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குச் சமபங்கு தரும் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் 1989-இல்தான் வந்தது. சட்டம் வராததால் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் கேட்பதற்குச் சட்டம் எதற்கு? முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எனக்குத் தோன்றாத இந்த எண்ணத்தை இரண்டு தாள்கள் பத்து நிமிடத்தில் தோற்றுவித்தன. மன்னிப்புக் கேட்டேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் என் படத்தை வாங்கி, விட்டுப்போன கிணற்றை அதில் போட்டுக் கொடுத்தார்.

அருகில் இருந்த பேத்தியும் ஒரு தாள் எடுத்தாள். மட்டாஞ்சேரி வீடு, கிடங்கு, படகுத்துறை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் போட்டு, மேலே மலையாளத்தில் தலைப்பு எழுதினாள். வந்தவாசி அதில் இல்லை. முதலில் மனம் சுருக்கென்றது. பிறகு அவள் எழுதிய தலைப்பை வாசித்தேன்: 'என்டெ வீடு'. வீடு என்ற சொல் அங்கும் இங்கும் ஒன்றுதான். அவளுக்கு அவள் வீடு. எனக்கு நான் விட்டுவந்த வீடு. இரண்டு தாளையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

அன்பர்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். அளவுகோல் வேண்டாம். ஒரே வீட்டை இருவர் தனித்தனியே வரையட்டும். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். டிரேசிங் தாளில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெரிதாக வந்தது எது, விட்டுப்போனது எது, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பேசுங்கள். பெயரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள். போர்ட் கொச்சி டோபிக்கானாவில் தலைமுறை தலைமுறையாக வெளுக்கும் நம் தமிழ் வண்ணார் குடும்பங்களையும் அழைத்துக்கொள்வோம். இங்கே அவர்கள் நமக்கு மூத்தவர்கள். சங்க அலமாரியில் ஒரு கோப்பு திறந்தால் போதும். நம் தோம்பு அதில் தொடங்கட்டும். பெரியவர்கள் இருக்கும்போதே தொடங்கட்டும்.