மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்: பழைய கார் தரும் சுகமும் தலையிடியும்

யாழ்ப்பாணத்துக்கு வருகிற வெளியூர்க்காரர் இங்குள்ள ஒஸ்ரின், மொறிஸ், ஹில்மன் கார்களைக் கண்டால் நின்று படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு இவை வீட்டுச் சாமான்கள் மாதிரி. கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளையையும், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சியையும், இடப்பெயர்வில் கிழவன் கிழவியையும் அரிசி மூட்டையையும் ஏற்றிப் போனவை இவைதான். என்னிடம் இருப்பது 948 சீசீ எஞ்சின் கொண்ட மொறிஸ் மைனர் 1000. இப்படி ஒரு காரை வைத்திருப்பதென்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. 1948இல் சந்தைக்கு வந்த மைனர், 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது. பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இதுதான். 1956இல் வந்த மைனர் 1000இல் பூட்டப்பட்ட அதே 948 சீசீ எஞ்சின்தான், இரண்டு காபரேற்றர்களுடன், 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அங்கே பணக்காரப் பிள்ளைகள் கூரை இல்லாமல் ஓட்டிய எஞ்சின், இங்கே ஆசிரியரையும் அப்போதிக்கரியையும் சுமந்தது.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தன. அப்போது இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. அது எப்படிச் சாத்தியமானது என்பதற்கு எளிய விளக்கம் உண்டு.

பெற்றோல் எஞ்சின், எரிபொருளையும் காற்றையும் அமுக்கிய பிறகு பொறி வைத்துக் கொளுத்துகிறது. அதிகமாக அமுக்கினால் மண்ணெண்ணெய் பொறிக்குக் காத்திராமல் தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டும். இன்றைய கார்களில் அமுக்கம் ஏறத்தாழ 10 மடங்கு. அந்தக் காலத்து மொறிஸ், ஒஸ்ரின் எஞ்சின்கள் பலவற்றில் அது 7 மடங்கு அளவிலேயே இருந்தது. எனது காரில் 8.3. டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பிப் பொறி விழும் நேரத்தைப் பிந்தச் செய்தால் தட்டல் குறையும்.

அடுத்த சிக்கல், குளிரான எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சிறிய போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மைனரில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருப்பதால், அந்தச் சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. எஸ்.யூ. காபரேற்றரில் அடியிலுள்ள ஒரு மரையைத் திருகினாலே கலவையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பற்றரி பலவீனமாக இருந்தால் முன்னால் கம்பி போட்டுச் சுற்றி எஞ்சினை உயிர்ப்பிக்கலாம். இத்தனையும் சேர்ந்ததால்தான் புதிய கார்கள் முடங்கிய காலத்தில் கிழட்டுக் கார்கள் ஓடின.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயில் மெலிந்தால் பெயாரிங்குகள் தேயும். வால்வுகளில் கரி படியும். அந்த ஆண்டுகளைத் தாண்டிய எஞ்சின் ஒவ்வொன்றும் ஒரு தடவையாவது முழுதாகக் கழற்றப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டே வாங்க வேண்டும்.

இனித் தலையிடிகளுக்கு வருவோம்.

முதலாவது, முன்சில்லுகள். மைனரின் முன்சில்லைத் தாங்கும் தண்டு, மேலும் கீழும் மரை வெட்டிய இணைப்புகளில் திரும்புகிறது. 1,000 மைலுக்கு ஒருமுறை அதற்குக் கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் சில்லு அப்படியே மடிந்து விழும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது நடப்பதால் ஆட்கள் தப்புகிறார்கள். வேகத்தில் நடந்தால் கதை வேறு.

இரண்டாவது, பிறேக். நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒரு எண்ணெய்ப் பாதைதான். ஓரிடத்தில் ஒழுகினால் முழு பிறேக்கும் போய்விடும். அதன் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எண்ணெய் அளவைப் பார்ப்பதற்கே விரிப்பைத் தூக்க வேண்டும்.

மூன்றாவது, கறள். இந்தக் காருக்குத் தனியான சேஸி இல்லை, உடலே எலும்பு. கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் கதவுக்குக் கீழ்ப்பகுதியும் பின் வில்லுத்தகடு பூட்டும் இடமும் உள்ளுக்குள்ளே உக்கிப்போகும். வெளியே பெயின்ற் மினுங்கும். வாங்குமுன் ஒரு திருப்புளியால் அடிப்பக்கத்தைக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

நான்காவது, சாவிகள். மரைகள் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றர் சாவி பொருந்துவது போலத்தான் இருக்கும். அழுத்தித் திருப்பினால் மூலைகள் உருண்டுவிடும். பழைய மைனர்களில் மின்சாரமும் தலைகீழ்: பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைகிறது. இது தெரியாதவர் பூட்டிய வானொலி அன்றே கருகும்.

உதிரிப்பாகங்கள் கிடைக்குமா என்று பலரும் கேட்பார்கள். மைனருக்குப் பிரித்தானியாவில் இன்றும் பெரும்பாலானவை புதிதாகக் கிடைக்கின்றன. ஆனால் அனுப்புகூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் சாமானின் விலையை மிஞ்சும். அதனால் எங்கள் வழி பழைய வழிதான்: லேத் பட்டறையில் புஷ் கடைந்து எடுப்பது, ஓடாத ஒரு காரில் இருந்து கழற்றுவது, கனடாவிலோ லண்டனிலோ இருந்து வரும் மச்சானின் பெட்டிக்குள் ஒரு றப்பர் செற்றைச் சொருகிவிடச் சொல்வது.

இவற்றை விடப் பெரிய தலையிடி காகிதங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ளவர் இறந்திருப்பார், வெளிநாட்டில் இருப்பார், அல்லது என்ன ஆனார் என்றே தெரியாது. 1995 ஒக்ரோபர் 30 இரவு கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்ட சனத்திடம் காரின் பத்திரம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது வாகன இலக்கத்தோடு சேஸி இலக்கமும் கேட்கப்பட்டது. காகிதம் ஒழுங்காக இல்லாதவர்கள் அன்று பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டேன். பெயர் மாற்றத்தைப் பிந்தவிடாதீர்கள். கையெழுத்திட வேண்டியவர்களுக்கும் வயதாகிறது.

அப்படியானால் ஏன் வைத்திருக்க வேண்டும்? திறப்பைத் திருப்பியதும் டிக், டிக் என்று பெற்றோல் பம்ப் அடிக்கும் சத்தத்தைக் கேட்டவருக்கு அந்தக் கேள்வி எழாது. ஸ்ரியரிங் கையில் லேசாக, நேராக நிற்கும். பொனற்றைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை விட இடம் இருக்கும். எது எதற்கு என்று ஒரு பிள்ளைக்குத் தொட்டுக் காட்டலாம். எனது மகள் காபரேற்றரைக் கழற்றிப் பூட்டப் பழகியது இந்தக் காரில்தான்.

இலக்கத்தகடும் ஒரு வரலாறு. 1950களின் நடுப்பகுதிக்கு முன் வந்த கார்களில் ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதன்பின் சிங்கள ஸ்ரீ வந்தது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி போராடியது. அந்தப் போராட்டத்துக்கு முந்திய காரா, பிந்திய காரா என்பதைத் தகட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பாதை திறந்த காலங்களில் பல கார்கள் மலிவு விலைக்குத் தெற்குக்குப் போய்விட்டன. மிஞ்சியவை எத்தனையோ வீடுகளில் கோழிக்கூடாக நிற்கின்றன. ஆனால் காரைவிட வேகமாகக் குறைவது அதைத் திருத்தத் தெரிந்த கைகள். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டிக் காட்டிய மெக்கானிக்மார் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் செய்ததை எந்தக் கைநூலும் சொல்லித்தராது. உங்கள் வளவில் ஒரு பழைய கார் நின்றால் இரும்புக் கடைக்குக் கொடுக்குமுன் அப்படி ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு இளம்பெடியனையும் நிறுத்துங்கள்.