மட்டிப்பழத்துக்கு ஜூஸர் எதுக்கு? வாங்கும் முன் ஒரு நிமிஷம்!

நாகர்கோவில் வடசேரி சந்தையில் மட்டி வாங்கிவந்து புது ஜூஸரில் போட்டால் சாறு வராது. வலையில் கூழ்தான் அப்பும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மட்டிக்கும், மாம்பழம், பப்பாளிக்கும் வீட்டு மிக்ஸியே போதும். எலுமிச்சை, சாத்துக்குடிக்குக் கையால் பிழியும் கருவி போதும்.

அன்னாசி, கேரட், நெல்லிக்காய் எனத் தினமும் குடிப்பவர்களுக்குத்தான் ஜூஸர். சென்ட்ரிஃபியூகல் வகை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும். வேலை சீக்கிரம் முடியும், விலையும் குறைவு; ஆனால் சத்தமும் நுரையும் ஜாஸ்தி. கோல்டு பிரஸ் பெரும்பாலும் நிமிடத்துக்கு 100 சுற்றுக்கும் குறைவாகச் சுற்றி, நசுக்கிப் பிழியும். சக்கை (நம்மூர் பலாச்சக்கையைச் சொல்லல!) காய்ந்து விழும், சாறு கூடுதலாக வரும். விலையும், நறுக்கிப் போடும் வேலையும் கூடுதல்தான்.

கடையில் வாட்ஸ் எவ்வளவு என்று கேட்பதைவிட, வலையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்க. கழுவக் கஷ்டமான ஜூஸர் ரெண்டே வாரத்தில் பரணுக்குப் போயிரும்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்காங்களா? எந்த ஜூஸரானாலும் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போயிடும். சர்க்கரை சாறோடு வந்துடும். அவங்களுக்கு, டாக்டர் சொன்ன அளவில், பழமாவே கொடுங்க.