கட்டுண்ட கால்கள் – 7: பெரியமனுசிக்குக் கொடுத்த நல்லெண்ணெய்

சென்ற வாரம் கொங்கோவின் குவாங்கோ பகுதியைப் பார்த்தோம். சரியாக ஊறவைக்காத கசப்பு மரவள்ளியை நாள்கணக்கில் தின்றவர்களின் கால்கள் திடீரென விறைத்துப்போகும். யாக்கா மொழியில் அந்த நோய்க்குக் 'கொன்சோ' என்று பெயர். கட்டிப்போட்ட கால் என்று பொருள். விழுந்ததுமில்லை, அடிபட்டதுமில்லை. சாப்பாடே முள்ளந்தண்டு நரம்பைக் கெடுத்துவிடுகிறது.

இந்த வாரம் இலங்கை மலையகத்தின் மடுல்கெல்லவிலிருந்து எழுதுகிறேன். இந்தச் சரிவில் கொழுந்து பறிப்பவளுக்குக் கணுக்காலில் பிடிமானம் வேண்டும். அது போனால் பேர் போடவும் முடியாது, லயத்துப் படி இறங்கவும் முடியாது. 1977, 78ஆம் ஆண்டுகளில் மலையகத் தோட்டங்கள் பலவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்களுக்கு அதுதான் போனது. முதலில் கெண்டைக்காலில் வலி. பிறகு பாதம் தொங்கிவிட்டது. கைகளும் வலுவிழந்தன.

ஏன் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு மட்டும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் நரம்பியல் மருத்துவர் நிமல் சேனாநாயக்கவும் ஜெ. ஜெயரத்தினமும். 1981இல் 'லான்செட்' இதழில் விடையை எழுதினார்கள். பிள்ளை பெரியமனுசியானால் இடுப்புக்குப் பலம் என்று பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் வழக்கம். குழம்பில் சேர்வது ஒரு கரண்டி எண்ணெய். இதுவோ அப்படியே குடிக்கிற எண்ணெய். அதில் டிரைகிரெசில் பொஸ்பேட் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களில் சேர்க்கிற இரசாயனம் அது. நிறமில்லை, வாசமும் இல்லை. முன்பு கனிம எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தபோது கலந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அரைவயிற்றுக் கூலியில் மிச்சம் பிடித்து, மகளுக்கென்று வாங்கிய எண்ணெய்! அந்தத் தாய்மாரை நினைக்காமல் இதை எழுத என்னால் முடியவில்லை.

இதே இரசாயனம் 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் சுமார் 10,000 பேரை முடக்கியது. அங்கே விமான இயந்திர எண்ணெயைத் தெரிந்தே சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள்.

இந்த நஞ்சு உடனே காட்டிக்கொடுக்காது. உள்ளே போய் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் வேலையைத் தொடங்கும். நீளமான நரம்பிழைகள் நுனியிலிருந்து பட்டுப்போகும். அதனால்தான் பாதம் முதலில் விழுகிறது. கை கால் நரம்புகள் மெல்ல மெல்லத் துளிர்த்துவிடும். முள்ளந்தண்டுக்குள் ஓடும் இழைகள் துளிர்ப்பதில்லை. சேனாநாயக்க அந்தப் பெண்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். தளர்ச்சி குறைந்து வர, அதுவரை அதற்கடியில் மறைந்திருந்த விறைப்பு வெளியே வந்தது. வீட்டார் கண்ணுக்கு அது குணமாகி வருவதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

அன்று பதின்மூன்று வயதில் இருந்தவளுக்கு இன்று அறுபது தாண்டியிருக்கும். உங்கள் தோட்டத்தில், உங்கள் லயத்தில் அப்படி ஒரு அக்காவோ பெரியம்மாவோ காலை இழுத்து நடந்தால், அவர் சம்மதத்தோடு இந்தத் தொடருக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம். இப்போது எப்படி நடக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள்.