அருகில் சென்று எடுத்த யானைப் படம்

ஆப்பிரிக்க வனவிலங்குகள் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் தொலைக்காட்சிக் காட்சிகள்தாம். மானைத் துரத்தும் சிறுத்தை, எருமையைச் சாய்க்கும் சிங்கம் என எல்லாமே ஓட்டமும் வேட்டையுமாக இருக்கும். இங்கிலாந்தைச் சேர்ந்த நிக் பிராண்டின் கறுப்பு வெள்ளைப் படங்களில் அவற்றைத் தேடுவோர் ஏமாந்து போவர். அங்கே விலங்குகள் சும்மா நிற்கின்றன, உட்கார்ந்திருக்கின்றன, நடக்கின்றன. அந்தக் காலத்துத் தாத்தாக்கள் ஸ்டூடியோ நாற்காலியில் அமர்ந்து எடுத்துக்கொண்ட படத்தின் மிடுக்கு அவற்றில் உண்டு.

பிராண்ட் முதலில் இசைப்படங்களை இயக்கியவர். 1995இல் மைக்கல் ஜாக்சனின் ‘எர்த் சாங்’ பாடலுக்கான படப்பிடிப்பின் ஒரு பகுதி தன்சானியாவில் நடந்தது. அந்த நிலமும் விலங்குகளும் அவரை விடவில்லை. 2001 முதல் கிழக்கு ஆப்பிரிக்காவில் புகைப்படம் எடுக்கத் தொடங்கினார்.

வனவிலங்குகளைப் படம் பிடிப்போரின் முதல் ஆயுதம் நீண்ட தொலைநோக்கு லென்ஸ். பிராண்ட் அதைத் தொடுவதில்லை. காரணம் எளிமையானது. தொலைவிலிருந்து இழுத்து எடுத்தால் விலங்கின் உருவம் பெரிதாக விழும், ஆனால் சுற்றியுள்ள வானமும் மண்ணும் மங்கிப் போகும். பக்கத்தில் போய் எடுத்தால், அது நிற்கும் இடமும் சேர்ந்தே கிடைக்கும். மனிதர் ஒருவரை உருவப்படம் எடுக்க நாம் நூறு அடிக்கு அப்பால் நிற்போமா?

பக்கத்தில் போவது சுலபமல்ல. விலங்கு நம்மை ஏற்க வேண்டும். அதற்கு நாள்கணக்கில் காத்திருக்க நேரிடும். போதாக்குறைக்கு அவர் பயன்படுத்திய பென்டக்ஸ் 67 கேமராவில் சாதாரணப் படச்சுருள் ஒன்றுக்குப் பத்தே படங்கள். சுருளை மாற்றுவதற்குள் யானை போய்விடும். விரல் நுனியில் ஆயிரம் படம் எடுக்கும் இக்காலத்துக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால் படத்திலுள்ள அமைதி அந்தக் காத்திருப்பில் வந்ததுதான்.

கென்யாவின் அம்போசெலி பூங்காவில் இது கைகூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிந்தியா மோஸ் என்ற ஆய்வாளர் 1972 முதல் அங்குள்ள யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, பெயரிட்டுக் கவனித்து வந்திருக்கிறார். அவை மனிதர்களையும் வாகனங்களையும் கண்டு மிரள்வதில்லை.

அந்த நம்பிக்கையே அவற்றுக்கு எமனாகவும் ஆனது. 2007இல் பிராண்ட் அங்கே நீர் அருந்தும் ஓர் ஆண் யானையைப் படம் எடுத்தார். அதன் பெயர் ஈகோர். அவரது இரண்டாம் நூலின் அட்டையிலும் அந்தப் படமே இடம்பெற்றது. அந்நூல் வெளிவந்த 2009ஆம் ஆண்டிலேயே தந்தத்துக்காக ஈகோர் கொல்லப்பட்டது.

படம் எடுத்தால் மட்டும் போதாது என்று பிராண்ட் முடிவு செய்தார். 2010இல் ரிச்சர்ட் பொன்ஹாமுடன் சேர்ந்து ‘பிக் லைஃப்’ அறநிறுவனத்தைத் தொடங்கினார். உள்ளூர் மசாய் மக்களிலிருந்து வனக்காவலர்கள் சேர்க்கப்பட்டனர். யானைகளுக்கு நாட்டு எல்லை தெரியாது. எனவே கென்யா, தன்சானியா இரு பக்கமும் காவல் தேவைப்பட்டது. சிங்கம் மாட்டை அடித்துவிட்டால் உரிமையாளருக்கு இழப்பீட்டில் ஒரு பகுதி தரப்படுகிறது. பழிவாங்க அவர் சிங்கத்துக்கு நஞ்சு வைக்காமலிருக்க இதுவே வழி.

இந்தத் தந்தங்கள் எங்கே போகின்றன என்று கேட்கலாம். நம் வட்டாரமும் அந்த வழியில்தான் இருக்கிறது. 2019 ஜூலையில் சிங்கப்பூரில் 8.8 டன் தந்தம் பிடிபட்டது; அது ஏறக்குறைய 300 யானைகளின் தந்தம். 2022 ஜூலையில் கிள்ளான் மேற்குத் துறைமுகத்தில் சுமார் 6 டன் சிக்கியது.

பிராண்டின் படங்கள் விலங்குகளைத் தேவைக்கு மேல் அழகாக்குகின்றன என்று ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அழகைப் பார்ப்பவர் எல்லாம் நலமாகத்தான் இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடும். 2016இல் வெளிவந்த ‘இன்ஹெரிட் த டஸ்ட்’ நூலில் அதற்குப் பதில் இருக்கிறது. தம் பழைய விலங்குப் படங்களை அவர் உண்மையான உருவ அளவுக்கு அச்சிட்டுப் பெரிய பலகைகளில் ஒட்டினார். ஒரு காலத்தில் அவ்விலங்குகள் திரிந்து, இன்று குப்பைமேடாகவும் கல்லுடைக்கும் இடமாகவும் மேம்பாலத்தடியாகவும் மாறிவிட்ட இடங்களில் அவற்றை நிறுத்தி, மறுபடியும் படம் எடுத்தார். குப்பைமேட்டில் யானை நிற்கிறது. அதன் காலடியில், அன்றைய பிழைப்புக்காகக் குப்பையைக் கிளறுகிறவர்கள் தம் வேலையில் இருக்கிறார்கள்.