காலை 6.20-க்கு ஏரிக்கரை, 9 மணிக்கு ஆபீஸ்: வேலைக்கு நடுவே இயற்கைக் காட்சிகளைப் படமெடுப்பது எப்படி?

ஆசைப்பட்டு இஎம்ஐ-யில் வாங்கிய கேமரா பீரோவில் தூங்குகிறது. 'லீவு கிடைச்சா மூணாறு போய் எடுக்கணும்' என்ற திட்டம் தீபாவளிக்கு, பொங்கலுக்கு, பிறகு கோடைக்கு என்று தள்ளிப்போகிறது. பெருங்களத்தூரில் ரயில் பிடித்து வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புபவருக்கு 'அதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க?' என்று தோன்றுவது நியாயம்தான்.

ஆனால், பீர்க்கன்கரணையில் குடியிருப்பவருக்கு ஊருக்குள்ளேயே ஏரி இருக்கிறது. அதைப் படமெடுக்க லீவு தேவையில்லை. வாரத்தில் ஒரு காலை, சுமார் 40 நிமிடம் போதும். எப்படி?

'கோல்டன் ஹவர்' நம் ஊரில் ஒரு மணி நேரமா?

இல்லை. உதயத்திலிருந்து சூரியன் சுமார் 6 டிகிரி உயரும் வரை கிடைக்கும் மென்மையான மஞ்சள் வெளிச்சத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். டிசம்பர் மாத லண்டனில் அது சுமார் ஒரு மணி நேரம் நீடிக்கும். சென்னை சுமார் 13 டிகிரி வடக்கில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், சூரியன் இங்கே விறுவிறுவென மேலே ஏறிவிடும். 25 முதல் 30 நிமிடத்தில் அந்த வெளிச்சம் முடிந்துவிடும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு வகையில் லாபம். உதயத்துக்கு 15 நிமிடம் முன்பே போய்விட்டால், வானம் நிறம் மாறுவதையும் பொன்னொளியையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டுத் திரும்பலாம். அதற்குப் பிறகு நின்றாலும் பெரிதாகக் கிடைக்கப்போவது இல்லை.

எந்த மாதம் வசதி?

சென்னையில் மே கடைசியில் சூரியன் காலை 5.42 வாக்கிலேயே உதித்துவிடும். ஜனவரி கடைசியில் 6.35 ஆகும். அதனால் புதிதாகத் தொடங்க ஜனவரிதான் சௌகரியம். 6.20-க்குக் கரையில் நின்றால், 7 மணிக்கெல்லாம் கிளம்பிவிடலாம். நவம்பரில் மாலை 5.40-க்கே சூரியன் மறைவதால், வார நாட்களில் மாலை வெளிச்சத்தை நம்ப முடியாது.

எந்தக் காலை என்பதை வீட்டில் பேசி வைத்துக்கொள்வது முக்கியம். ஸ்கூல் வேன், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினால், இரண்டாவது வாரமே இந்தப் பழக்கம் நின்றுபோகும்.

போன் போதுமா?

தாராளமாகப் போதும். வானத்தின் பிரகாசமான பகுதியைத் திரையில் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள், நிறம் வெளுக்காது. ஜூம் வேண்டாம், நாலு அடி முன்னே நடங்கள். அடிவானக் கோடு சாயாமல் இருக்க, கேமரா செட்டிங்கில் 'கிரிட்' கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். டிரைபாட் இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்து வைத்து, டைமரில் எடுக்கலாம். சார்ஜ் போடுவது, லென்ஸைத் துடைப்பது எல்லாம் முந்தின இரவே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால், அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

ஒரே இடம் போரடிக்காதா?

இடம்தான் ஒன்று, காட்சி ஒன்றல்ல. ஜூனில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். டிசம்பரில் அதே அளவு தெற்கே. ஒரே மரத்துக்கு ஆறு மாதத்தில் வெளிச்சம் விழும் பக்கமே மாறிவிடும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் ஏறும், மார்கழியில் பனி மூடும், கோடையில் கரையோரம் சேறு தெரியும்.

இடத்தைப் பழகி வைத்திருப்பவருக்கு, நேரம் குறைவாக இருந்தாலும் கை தயங்காது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் வேலை நிமித்தமாகப் பயணம் போய்த் திரும்பும் வழியில், நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேலே நிலா எழுவதைப் பார்த்து காரை நிறுத்தினார். வெளிச்சம் அளக்கும் மீட்டர் அவசரத்தில் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது மனப்பாடமாக இருந்ததால், கணக்குப் போட்டே எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அந்த ஒற்றைப் படம்தான் அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்றானது.

இந்தப் படங்கள் எதற்கு உதவும்?

செங்கல்பட்டு வட்டாரத்துக்கு 'ஏரிகள் மாவட்டம்' என்ற பெயரே உண்டு. வயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரிகளைச் சுற்றி இன்று அடுக்குமாடிகள். பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணையும் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இந்த வேகத்தில், தினமும் கடந்துபோகிறவர்களுக்கே மாற்றம் கண்ணில் படுவதில்லை.

கரையில் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து, மாதம் ஒரு படம் எடுங்கள். தேதி போட்டுச் சேமியுங்கள். ஆகாயத்தாமரை மூடினாலும், குப்பை சேர்ந்தாலும், மழையில் ஏரி நிரம்பினாலும் அதையும் எடுங்கள், ஒதுக்க வேண்டாம். நீர்மட்டம் எங்கே இருந்தது, கரை எதுவரை இருந்தது என்று நாளை யாராவது கேட்டால், 'அப்போ இப்படி இல்லைங்க' என்று வாயால் சொல்வதைவிட, தேதியோடு 12 படங்களைக் காட்டுவது வலுவான பதில். மூணாறு எப்போது வேண்டுமானாலும் போகலாம். வீட்டுப் பக்கத்து ஏரியின் இந்த வருஷத்துக் காலை திரும்ப வராது.