போடிமெட்டுச் சோதனைச்சாவடியும் பழைய விளையாட்டுகளும்

தேவிகுளத்திலிருந்து பூப்பாறை வழியாகப் போடிக்கு இறங்குகிறவர்கள், மலையுச்சியில் போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் ஒருமுறை வண்டியை நிறுத்திவிட்டு, அப்புறம் 17 கொண்டையூசி வளைவுகளையும் தடையின்றிக் கடந்து சமவெளியை அடைவது வழக்கம். அந்தச் சோதனை உச்சியோடு முடியாமல், வளைவுக்கு வளைவு ஒரு காவலர் நின்று, முன்னவர் பார்த்த அதே காகிதங்களை மறுபடி வாங்கிப் பார்ப்பதென ஏற்பட்டிருந்தால், பிரயாணியின் கதி என்னவாகும்? சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் குறுந்தகட்டில் வந்த கம்ப்யூட்டர் விளையாட்டுகள் பலவற்றுக்கு நேர்ந்த கதி அதுதான்.

குறுந்தகட்டை அப்படியே நகல் எடுப்பது எவருக்கும் கைவந்த காரியமாகிவிட்ட காலத்தில், வெளியீட்டாளர்கள் தம் பொருளைக் காத்துக்கொள்ள நினைத்தது நியாயமே. மேக்ரோவிஷன் நிறுவனம் விற்ற சேஃப்டிஸ்க் என்ற பூட்டு, தகட்டில் படிக்கவே முடியாத ஆயிரக்கணக்கான துண்டுகளை வேண்டுமென்றே பதித்து வைத்தது. சாதாரணமாக எடுத்த நகலில் அந்தப் பழுது வராதாகையால், பழுது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தே அசல் இன்னது, போலி இன்னது என்று அது தீர்மானித்தது. படிக்க முடியாததை சிடி டிரைவ் விடாமல் மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும் சுபாவமுடையது என்பதால், விளையாட்டு தொடங்கும் முன்பே தாமதம் உண்டாயிற்று.

அது பொறுத்துக்கொள்ளக் கூடியதே. விளையாட்டின் நடுவில் நேரும் தாமதம் அப்படியன்று. கோடு வரைவதானாலும் கோப்பைத் திறப்பதானாலும் விளையாட்டு விண்டோஸைத்தான் கூப்பிட வேண்டும். திருடர் பூட்டை எளிதில் கழற்றிவிடலாகாது என்பதற்காக, அந்த அழைப்புகளின் விலாசங்களை மறைத்து, அவற்றைத் தன் வழியாகவே சுற்றிப் போகும்படி செய்தது பூட்டு. ஒரு சுற்று கணநேரந்தான். ஆனால் விநாடிக்கு 60 சித்திரங்கள் திரையில் ஓட வேண்டுமானால், ஒரு சித்திரத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 17 மில்லி விநாடிக்கும் குறைவு என்பதையும், அதற்குள் எல்லா வேலையையும் அடக்கப் புரோகிராம் எழுதியவர்கள் எவ்வளவு பிரயாசைப்பட்டிருப்பார்கள் என்பதையும் எண்ணும்போது, அந்த அவகாசத்தில் பூட்டு எடுத்துக்கொண்ட பங்கை அற்பமென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இது பழங்கதையுமன்று: 2021-இல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் ஆட்டம் இடையிடையே தடைபட்டபோது, அதன் வெளியீட்டாளரான கேப்காம் நிறுவனமே நகல் தடுப்பு நுட்பத்தைச் சீர்செய்து திருத்தம் வெளியிட்டது.

சேஃப்டிஸ்க் விண்டோஸின் அடிவேர் வரை இறங்கி உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு பாதுகாப்புக் குறை 2007-இல் வெளிப்பட்டது. 2015-இல் விண்டோஸ் 10 அதற்கு இடமே தரவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் அது முடக்கப்பட்டது. பாதுகாப்பை முன்னிட்டு எடுத்த முடிவை நான் குறை சொல்லேன். எனினும், காசு கொடுத்து வாங்கியவர் கையிலிருந்த அசல் தகடு அன்றோடு திறவாமற் போயிற்று. பூட்டை முன்பே உடைத்தவருக்கோ நஷ்டம் ஏதுமில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நியாயமாகப் பெற்ற கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு, இழப்புக்கு அஞ்சி ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. 2012-இல் சேர்ந்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அந்த ‘எண்ணத்தோடு’ என்ற சொல்லில்தான், தன் சொந்தத் தகட்டை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவருக்கு இடம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

போலந்து நாட்டில் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி என்ற இணைய அங்காடி, பழைய விளையாட்டுகளைப் பூட்டுகளின்றி விற்கிறது. பழைய தகட்டைப் பெட்டியில் வைத்திருப்பவர், அதே விளையாட்டுக்கு அங்கே மறுபடியும் விலை கொடுத்தாக வேண்டும்.